கிளேஸ் குறிப்பில் உள்ள களிமண் கிடைக்காதபோது மாற்றுக் காண்பது எப்படி

ஸ்டோன்வேர் எனப்படும், உயர்வெப்பத்தில் சுட்ட பாண்டங்களுக்கான பழைய அமெரிக்கக் கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) செய்முறைக் குறிப்புகளைப் பின்பற்ற முனையும் எவரும் விரைவிலேயே 'ஆல்பனி ஸ்லிப்' என்ற பெயரைச் சந்திப்பார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகருக்கு அருகில், பனியுகத்தில் படிந்த நுண்ணிய களிமண் அது. கோன் 10 (ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸ்) வெப்பத்தில் வேறு எதையும் சேர்க்காமலேயே உருகிப் பளபளப்பான கரும்பழுப்புக் கிளேஸாக மாறும் இயல்பு அதற்கு இருந்ததால், 19-ஆம் நூற்றாண்டில் உப்புக் கிளேஸ் ஜாடிகளின் உட்புறத்தில், சூளையில் பரவும் உப்பாவி எட்டாத இடத்தில், அதையே பூசினார்கள். 1980-களில் அதைத் தோண்டி எடுப்பது நின்றுபோனது. ஆனால் அதை நம்பி எழுதப்பட்ட குறிப்புகள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

இத்தகைய குறிப்பைக் கண்டதும், "எல்லாம் களிமண்தானே" என்று கையிலிருக்கும் ஏதோ ஒரு மண்ணை அதே எடைக்குப் போட்டுவிடக் கூடாது. கிளேஸில் களிமண் செய்யும் வேலை இரண்டு வகைப்பட்டது. சூளைக்குள் அது அலுமினா, சிலிக்கா, இரும்பு ஆக்சைடு போன்றவற்றை உருகும் கலவைக்குத் தருகிறது. சூளைக்குச் செல்லும் முன்போ, மற்றப் பொடிகள் வாளியின் அடியில் இறுகிப்போகாமல் நீரில் மிதக்கவிட்டு, காய்ந்த பூச்சு பாண்டத்தின் மேல் உதிராமல் பற்றிக்கொள்ளச் செய்கிறது. மாற்று தேடுபவர் இவ்விரண்டையும் தனித்தனியே ஈடுசெய்ய வேண்டும்.

எளிய கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஃபெல்ஸ்பார் (உருகும் தாதுப் பொடி) 40, சிலிக்கா 30, வைட்டிங் (கால்சியம் கார்பனேட் பொடி) 20, கயோலின் (வெள்ளைக் களிமண்) 10 என்பது உயர்வெப்பக் கிளேஸ்களில் மிகவும் அறியப்பட்ட குறிப்பு. உங்களிடம் கயோலின் இல்லை, பால் கிளே (ball clay எனப்படும், நெகிழ்வு மிகுந்த நுண்ணிய களிமண்) மட்டுமே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூய கயோலினில் ஏறத்தாழ 39.5 விழுக்காடு அலுமினாவும் 46.5 விழுக்காடு சிலிக்காவும் உண்டு. எஞ்சிய 14 விழுக்காடு சுடும்போது ஆவியாகும் நீர். ஆகவே 10 பங்கு கயோலின் ஏறத்தாழ 4 பங்கு அலுமினாவையும் 4.6 பங்கு சிலிக்காவையும் தருகிறது. உங்கள் பால் கிளேயில் அலுமினா 28, சிலிக்கா 56 விழுக்காடு என்று விற்பவர் தரும் பகுப்பாய்வுத் தாள் சொன்னால், அதே அலுமினாவுக்கு 14 பங்கு தேவைப்படும். அந்த 14 பங்கோடு 7.8 பங்கு சிலிக்காவும் வந்துவிடுவதால், குறிப்பிலுள்ள 30 பங்கு சிலிக்காவை 27 ஆகக் குறைக்க வேண்டும். முதலில் அலுமினாவைச் சமன்செய்து, பிறகு சிலிக்காவைத் திருத்துவது என்ற இந்த வரிசையே பெரும்பாலான மாற்றங்களுக்குப் போதும்.

எனினும் கணக்கு சரியாக வந்தாலும் நிறம் மாறக்கூடும். பால் கிளேயில் கயோலினைவிட இரும்பும் டைட்டானியமும் வழக்கமாகக் கூடுதலாக இருக்கும். வெள்ளைக் கிளேஸில் அது சற்றே மஞ்சள் படர்ந்த சாயலாகத் தெரியும். நீலம் தோய்ந்த செலடானிலோ (சிறிதளவு இரும்பால் வெளிர்நீலமோ வெளிர்பச்சையோ பெறும் கிளேஸ்), சிறிதளவு டைட்டானியமே நீலத்தைக் கெடுத்துப் பச்சைக்கு இழுத்துவிடும். அத்தகைய கிளேஸுக்கு, அமெரிக்கக் குறிப்புகளில் வரும் ஃபுளோரிடா கயோலினுக்கு மாற்றாகக் கேரளத்தின் குண்டரா போன்ற இடங்களின் கயோலினைத் தேடுவதே நல்லது. பால் கிளேயை நான் அதற்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆல்பனி ஸ்லிப்புக்கு வருவோம். அதில் சிலிக்கா சுமார் 57, அலுமினா 14.5, இரும்பு ஆக்சைடு 5, கால்சியம் ஆக்சைடு 5.7, மக்னீசியம் ஆக்சைடு 2.7, பொட்டாசியம் ஆக்சைடு 3 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய அளவு. சாதாரணச் செம்மண் களிமண்ணில் இரும்பு இருக்கும். உருக்கும் கால்சியமும் மக்னீசியமும் போதாது. அவற்றை டாலமைட்டாகவும் (கால்சியமும் மக்னீசியமும் கொண்ட கல்லின் பொடி) வைட்டிங்காகவும் வெளியிலிருந்து தர வேண்டும். ஓஹையோவின் ரெட்ஆர்ட் களிமண்ணின் பகுப்பாய்வை வைத்து நான் கணக்கிட்டதில், ரெட்ஆர்ட் 70, டாலமைட் 7.5, வைட்டிங் 6, பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் 6, சிலிக்கா 6, கயோலின் 5 என்ற கலவை மேற்கண்ட எண்களுக்கு மிக நெருங்கி வருகிறது. இதைத் தொடக்கப் புள்ளியாக மட்டுமே கொள்ள வேண்டும். இயற்கையாக நுண்மையாய்க் கலந்திருந்த பொருளும், நாம் பொடிகளாகச் சேர்ப்பதும் ஒரே விதமாக உருகுவதில்லை. ஆதலால் கலவையை 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்ணிகள்) சல்லடையில் இருமுறையாவது வடிகட்ட வேண்டும். பகுப்பாய்வுத் தாள் இல்லாத உள்ளூர்ச் செம்மண் என்றால், அதைச் சிறு உருண்டையாக்கி, விளிம்புள்ள தட்டில் வைத்து உங்கள் சூளையின் வழக்கமான வெப்பத்தில் தனியே சுட்டுப் பாருங்கள். இளகி வழிந்ததா, வெறுமனே கறுத்து இறுகியதா என்பது, உருக்கிகள் எவ்வளவு தேவை என்பதைக் கண்ணுக்கே காட்டிவிடும்.

இரண்டாவது வேலையான பூச்சின் நடத்தையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பச்சைக் களிமண், அதாவது சுடாத களிமண், கூடினால் பூச்சு காயும்போது மிகுதியாகச் சுருங்கி வெடிக்கும்; அந்த வெடிப்புகளின் ஓரத்தில் கிளேஸ் உருகும்போது பின்வாங்கித் திட்டுத்திட்டாக ஒதுங்கும். இதற்குத் தீர்வு, களிமண்ணில் ஒரு பகுதியை முன்பே சுட்டுக்கொள்வது. கயோலினைச் சுடப்பட்ட கிண்ணம் ஒன்றில் நிரப்பி 700 டிகிரி செல்சியசைத் தாண்டும் முதல் சுடலோடு வைத்தால், அதன் நீர் போய்விடும். 100 கிராம் பச்சைக் கயோலினுக்கு ஈடாகச் சுட்டது 86 கிராம் மட்டுமே போட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. மாறாக, களிமண் குறைந்து கலவை அடியில் கல்லாக இறுகினால், பெண்டோனைட்டை (நீரில் உப்பும் மிக நுண்ணிய களிமண்) 2 விழுக்காடு அளவுக்குச் சேர்க்கலாம். ஆனால் அதை நேராக நீரில் போட்டால் கட்டிதட்டும் என்பதால் மற்றப் பொடிகளோடு உலர்ந்த நிலையிலேயே கலந்துகொள்ளுங்கள். அப்போது பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது; தூசியைத் தடுக்கும் தரமான முகக்கவசம் கட்டாயம்.

பழைய பொருள் ஒரு பிடியேனும் மிச்சமிருந்தால் அதை வீணாக்காமல் சோதனைக்கு ஒதுக்குங்கள். முழுவதும் பழையது, பாதிக்குப் பாதி, முழுவதும் புதியது என மூன்று கலவைகளை ஒரே களிமண்ணில் செய்த வில்லைகளில் பூசி, செங்குத்தாக நிறுத்தி, ஒரே சுடலில் அருகருகே வையுங்கள். புதியது அதிகம் வழிந்தால் கயோலினையும் சிலிக்காவையும் சிறிது கூட்டுங்கள்; மங்கலாக, உருகாமல் நின்றால் வைட்டிங்கை ஒவ்வொரு பங்காகக் கூட்டி மறுபடி சுடுங்கள். ஒவ்வொரு வில்லையின் பின்புறத்திலும் கலவை எண்ணையும் மண் வாங்கிய நாளையும் இரும்பு ஆக்சைடால் எழுதிவைத்தால், அடுத்த மூட்டையில் மண்ணின் தன்மை மாறும்போது எங்கிருந்து திருத்தத் தொடங்குவது என்று தெரியும்.