ஜான்சன் ஆட்சிக்கால ஆவணங்களைத் தேடும் முறை

அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் ஆட்சிக்காலத்தை (1963–1969) ஆராய விரும்புவோர், டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் 1971இல் திறக்கப்பட்ட அவரது நூலகத்தின் இணையதளத்திலிருந்து தொடங்கலாம். நேரில் செல்வதற்கு முன்பே சேகரிப்பு விவரப்பட்டியலைப் படித்து, தேவையான பெட்டி எண்களையும் கோப்புத் தலைப்புகளையும் குறித்துக்கொள்வது அவசியம். வெள்ளை மாளிகை மையக் கோப்புகள் (அதிபர் அலுவலகத்தின் கடிதங்கள், குறிப்புகள் முதலியவற்றின் தொகுப்பு) பொருள்வாரியான குறியீடுகளின்படி அடுக்கப்பட்டுள்ளன. வியட்நாம் நிலவரத்தைத் தேடுபவர், போர் என்ற சொல்லைத் துரத்தாமல், ‘என்.டி. 19/சி.ஓ. 312’ என்ற குறியீட்டை (என்.டி. – தேசியப் பாதுகாப்பு, சி.ஓ. – நாடு) கேட்க வேண்டும்.

கோப்பைத் திறக்கும்போது சில இடங்களில் ஆவணத்துக்குப் பதிலாக ஒரு தாள் மட்டும் இருக்கும். அதை அலட்சியமாகப் புரட்டிவிடாதீர்கள். விலக்கிவைக்கப்பட்ட ஆவணத்தின் வகை, தேதி, விலக்கியதற்கான காரணம் ஆகியவை அதில் இருக்கும். இரகசிய நீக்க மறுஆய்வுக்கு, அதாவது அந்த ஆவணத்தை இனி வெளியிடலாமா என்று மீண்டும் பரிசீலிக்குமாறு, விண்ணப்பிக்க இவ்விவரங்களே போதும்.

வாய்மொழி வரலாற்றைக் கூடுதல் எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். நேர்காணல் எந்த ஆண்டில் பதிவானது, பேசியவர் அப்போது எந்தப் பொறுப்பில் இருந்தார், எழுத்துப்படியைப் பின்னர் திருத்தினாரா என்பவற்றை முதலில் பாருங்கள், ஏனெனில் பத்தாண்டுகள் கழித்துப் பேசுபவரின் நினைவில் பிற்கால நியாயங்களும் கலந்துவிடுகின்றன. அத்தகைய நினைவுகளைச் சரிபார்க்க, ஜான்சன் அக்காலத்திலேயே இரகசியமாகப் பதிவுசெய்த தொலைபேசி உரையாடல்கள் பெரிதும் கைகொடுக்கும். ஆயினும் செயலர்கள் அக்காலத்தில் அவசரமாகத் தட்டச்சு செய்த படிகளில் பிழைகள் உண்டு என்பதால், மேற்கோள் காட்டுமுன் ஒலிப்பதிவையே கேளுங்கள்.