வெள்ளைக் கொக்கு எந்தக் கொக்கு? படத்தில் பதிய வேண்டியவை

முதலில் நிற்கும் இடத்திலிருந்தே ஒரு படம் எடுத்துவிடுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. கிட்டே போய் எடுக்கலாம் என்று நடந்தால் பறவை பறந்துவிடும், கையில் ஒன்றும் மிஞ்சாது. பிறகு சில அடி நகர்ந்து, நின்று, மறுபடியும் எடுங்கள்.

வயல்வெளி வெயிலில் வெள்ளை இறகு வெளிறிப்போய் முகத்தின் நுணுக்கங்கள் அழிந்துவிடும். கேமராவில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) -0.7 அல்லது -1க்குக் குறையுங்கள். மொபைலில் பறவையைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்தால் போதும். வானப் பின்னணியில் நிழலுருவாகத் தெரியும் பறவைக்கு நேர்மாறாக +1.

முக்கியமானது பக்கவாட்டு முகம். அலகு பிளவின் கோடு, அதாவது மேல் அலகும் கீழ் அலகும் சேரும் கோடு, கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. கண்ணுக்குக் கீழேயே முடிந்தால் நடுத்தரக் கொக்கு. அலகின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், மஞ்சள் அலகு இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும். கறுத்த கால், மஞ்சள் விரல், கறுத்த அலகு என்றால் சின்னக் கொக்கு. விரல்கள் சேற்றில் புதைந்திருக்கும், எனவே காலைத் தூக்கும் வரை காத்திருங்கள். மாட்டோடு திரியும் குட்டைக் கழுத்து, மஞ்சள் அலகு உண்ணிக்கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் முதுகும் ஆரஞ்சாகும்.

படத்தைப் பார்த்துப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் (Merlin) செயலியில் படத்தைப் போடும்போது இடமும் தேதியும் சரியாகக் கொடுங்கள். அது சொல்லும் முதல் பெயரை அப்படியே ஏற்காமல் அலகுக் கோட்டை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் போகவே வேண்டாம்.