பக்கக் காற்றில் கழன்று போகிறவர்கள்: புது சைக்கிள் ஓட்டவீரர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயினுக்கு எண்ணெய் விடு, பிறேக்கைப் பார் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்; விட்டுவிடுவோம். மாவட்ட மட்டத்தில் வென்று மாகாண, தேசியப் போட்டிகளுக்கும் பல்கலைக்கழக அணிகளுக்கும் போகிற வன்னிப் பிள்ளைகள், கால்பலம் இருந்தும் வேறு இடத்தில் கோட்டை விடுகிறார்கள்.

சோளகத்தில் நேர் பின்னால் ஒளிப்பது

காற்றுக்கு மறைய, முன்னவரின் பின்சில்லுக்கு நேர் பின்னால் நின்றால் போதும் என்று பழகிவிடுகிறார்கள். பக்கக் காற்றில் மறைப்பு அங்கே விழாது. கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதி வன்னியில் ஏறக்குறையத் தெற்கு வடக்காகக் கிடக்கிறது. சோளகம் தென்மேற்கால் வருவது. கிளிநொச்சியிலிருந்து வவுனியாப் பக்கம் ஓடும்போது காற்று வலது முன்புறத்தால் அடிக்கும், மறைப்பு முன்னவருக்கு இடது பின்புறம் இருக்கும். அரை மீற்றர் இடப்பக்கம் விலகிப் பாருங்கள், கால் இலேசாவது உடனே தெரியும்.

இப்படிச் சாய்வாக நின்றால் வீதியின் ஒரு பக்கத்தில் ஐந்தாறு பேருக்குத்தான் இடம். ஏழாமவர் வீதியோரத்தில் மறைப்பின்றி உழக்குவார். சில நிமிடத்தில் இடைவெளி விழும், பிறகு தனியே எட்டிப் பிடிப்பது மிகக் கடினம். அந்த நேரத்தில் முன்வரிசைக்குள் முண்டக்கூடாது. பின்னால் நிற்கும் நாலைந்து பேரைக் கூப்பிட்டு இரண்டாவது சாய்வரிசை போட வேண்டும். ஒருவரும் கூப்பிடுவதில்லை. நல்ல ஓட்டக்காரர் வரிசையாகக் கழன்று போவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

இடம் பிடிப்பதும் முன்கூட்டியே நடக்க வேண்டும். மாங்குளம், முறிகண்டிப் பக்கம் காடு காற்றை மறிக்கும். பரந்தன் தாண்டி ஆனையிறவை நெருங்கினால் வெட்டவெளி. மறைப்பு முடிவதற்கு அரைக் கிலோமீற்றர் முன்பே முதல் பத்துப் பேருக்குள் வந்துவிடுங்கள். வெளிக்கு வந்தபின் முன்னேறுகிறவர் முழுக் காற்றையும் நெஞ்சில் வாங்குவார்.

வரிசைக்கு முன்னால் நின்று காற்றை வாங்கி இழுத்து முடித்தவர் காற்று வரும் பக்கமாகவே விலக வேண்டும். மறுபக்கம் விலகினால் அவருடைய பின்சில்லு அடுத்தவரின் முன்சில்லைத் தட்டும். விழுவது பின்னவர்தான்.

இதை ஏ9இல் பஸ், லொறிகளுக்கு நடுவே பழக வேண்டாம். வாகனம் குறைந்த வயல் வீதியும் நாலு பேரும் போதும். கிளம்புமுன் பனையோலை எந்தப் பக்கம் சாய்கிறதென்று பாருங்கள்.

கல்லுப்போலக் காத்தடிப்பது

ரயரின் ஓரத்தில் அச்சடித்திருப்பது உச்ச அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 25 மில்லிமீற்றர் ரயரில் 80 முதல் 85 பிஎஸ்ஐ போதும். அதற்கு மேல் போனால் கரடான வீதியில் சில்லு துள்ளி வேகத்தைத் தின்னும். வெயிலில் நிறுத்தினால் அழுத்தம் இன்னும் ஏறும்.

தாகம் எடுத்தபின் குடிப்பது

மணிக்கு 500 முதல் 750 மில்லிலீற்றர், தொடக்கத்திலிருந்தே. ஒரு 750 மில்லிலீற்றர் போத்தலுக்குக் கால் தேக்கரண்டி உப்பு, மூன்று மேசைக்கரண்டி சீனி, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி.

மேற்குழாயில் குந்துவது

இருக்கைக்கும் கைபிடிக்கும் நடுவிலுள்ள குழாயில் குந்தி ஓட்டுவதற்கு 2021 ஏப்ரலிலிருந்து யூசிஐ (சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியம்) தடை.

கோட்டுக்கு முன் கை தூக்குவது

முன்சில்லின் ரயர் முடிவுக்கோட்டின் விளிம்பை எட்டும் கணமே முடிவு. கடைசி உழக்கோடு இடுப்பைப் பின்னுக்கு எடுத்து, கைகளை நீட்டிச் சைக்கிளை முன்னே தள்ளுங்கள். கையைப் பிறகு தூக்கலாம்.