சரிவு நிலத்தில் வீடு: கட்டுமானச் செலவைக் கட்டங்கட்டமாகக் கணித்தல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த் போன்ற குன்றுப் பகுதிகளில் வீடு கட்ட முனையும் குடும்பம் முதலில் கேட்பது "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்பதே. வரைபடம் முதிர முதிர இதற்கான விடையும் மாறும் என்பதால், எந்தத் தொகையை எழுதினாலும் அது எந்தத் தேதியில், எந்த வரைபடத்தை வைத்துக் கணித்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

வரைபடமே இல்லாத நிலையில் பரப்பளவு ஒன்றுதான் கையில் இருக்கும். கணக்குக்காகச் சதுர மீட்டருக்கு 12,000 ராண்ட் என்று கொண்டால், 160 சதுர மீட்டர் வீட்டுக்கு 19,20,000 ராண்ட் ஆகிறது. எதிர்பாராச் செலவுக்கு 10 விழுக்காடும், அதன்மேல் 15 விழுக்காடு வாட் வரியும் சேர்த்தால் 24,28,800 ராண்ட் வரும். இதை ஒற்றைத் தொகையாக நம்பி வங்கிக்குச் செல்ல வேண்டாம். கூடவும் குறையவும் 30 விழுக்காடு இடம்விட்டே இதைப் பார்க்க வேண்டும்.

முதல் வரைபடம் வந்ததும் அடித்தளம், சுவர், கூரை, குழாய், மின்சாரம் எனப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கணிக்கலாம். சரிவு நிலத்தில் கணக்கு பெரும்பாலும் தவறுவது மண்ணுக்குள்தான். சமதளத்தில் கட்டிய உறவினர் வீட்டின் சதுர மீட்டர் விலையில் மண் வெட்டி அகற்றும் கூலியோ, மண் சரியாமல் தடுக்கும் தாங்குசுவரோ, அதன் பின்னால் தேங்கும் நீரை வெளியேற்றும் வடிகாலோ அடங்கியிருக்காது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நடால் மாகாணச் சரிவுகளில் வீடுகள் மண்ணோடு சரிந்ததைக் கண்ட நாம், இந்த மூன்றையும் மிச்சம் பிடிக்கும் இடமாக ஒருபோதும் கருதக் கூடாது. மண் பரிசோதனைக்கு ஆகும் செலவை இந்தக் கட்டத்திலேயே செய்துவிடுங்கள். அதன் முடிவு வரும்வரை அடித்தளத் தொகையைத் தற்காலிகமானது என்றே குறியுங்கள்.

முழு வரைபடம் கிடைத்தபின், எந்தப் பொருள் எவ்வளவு வேண்டும் என்று காட்டும் அளவுப் பட்டியல் தயாரிக்கலாம். 222 மில்லிமீட்டர் நீளமும் 73 மில்லிமீட்டர் உயரமும் உள்ள செங்கல்லை 10 மில்லிமீட்டர் சாந்து இணைப்போடு வைத்தால், கல்லின் அகலமே தடிமனாக உள்ள ஒற்றைக்கல் சுவரின் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 52 கற்கள் பிடிக்கும். இரட்டைச் சுவருக்கு 104. கதவு, ஜன்னல் பரப்பைக் கழித்து, உடைசலுக்கு 5 விழுக்காடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்கும்போது எல்லோருக்கும் இதே பட்டியலைக் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். மிகக் குறைந்த விலையில் எது விடுபட்டிருக்கிறது என்று வரிவரியாகப் பாருங்கள். வாட் வரிக்குப் பதிவு செய்யாதவர் அவ்வரியைக் கேட்க முடியாது. புதிய வீட்டை, வேலை தொடங்குவதற்கு முன்பே தேசிய வீடு கட்டுவோர் பதிவு மன்றத்தில் பதிய வேண்டும் என்பதால் அதற்கான கட்டணத்துக்கும் பட்டியலில் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

வேலை தொடங்கியபின் மாதந்தோறும் கேட்க வேண்டியது, செலவானது எவ்வளவு என்பது மட்டுமன்று, முடிக்க இன்னும் எவ்வளவு வேண்டும் என்பதும் ஆகும். டிசம்பர் நடுவில் தொடங்கும் கட்டுமான விடுமுறையில் ஆட்கள் இல்லாவிட்டாலும் சாரத்தின் வாடகை ஓடிக்கொண்டிருக்கும் என்பதை அந்தக் கணக்கில் சேருங்கள். கூரை ஓடுகளையோ தரைக்கல்லையோ மாற்ற விரும்பினால், கொத்தனார் கை வைப்பதற்கு முன் புதிய விலையை எழுத்தில் வாங்கி, மிச்சத் தொகையைத் திருத்துங்கள்.