பிக்கப்பில் வயர்லெஸ் செட்: டேஷ்போர்டை வெட்டும் முன்

பிக்கப் வண்டியில் வயர்லெஸ் செட் (பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோ) வைக்கலாம் என்றதும் கை முதலில் போவது டேஷ்போர்டுக்குத்தான். எனக்கும் அப்படித்தான். மதுரையில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். "அண்ணே, இந்த இடத்துல சதுரமா வெட்டிட்டா செட்டு கச்சிதமா உட்கார்ந்துரும்" என்றார் வேலை பார்த்த தம்பி. சரி என்று தலையாட்டிவிட்டேன். கச்சிதமாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் சித்திரை வெயிலில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசினால் செட் கொதித்துவிடும், பவரைத் தானாகவே குறைத்துக்கொள்ளும்.

காரணம் எளிய கணக்கு. 50 வாட் செட் ஒன்று பேசும்போது 13.8 வோல்ட்டில் 10 முதல் 12 ஆம்பியர் வரை இழுக்கும். அதாவது ஏறக்குறைய 140 முதல் 165 வாட் வரை. ஆன்டெனாவுக்குப் போவது அதில் 50 மட்டும், மற்றதெல்லாம் சூடு. அந்தச் சூடு செட்டின் உடம்பில் உள்ள அலுமினியப் பட்டைகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதைக் காற்றுப் புகாத பொந்துக்குள் அடைத்தால் எங்கே போகும்? மே மாதம் மதுரையில் வெளியிலேயே 40 டிகிரி. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கேட்கவே வேண்டாம். டேஷ்போர்டை ஒரு முறை வெட்டினால் வெட்டியதுதான், ஒட்ட முடியாது. எனக்கு இன்னமும் அந்த ஓட்டையைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

பட்டனும் திரையும் உள்ள முகப்பு தனியாகக் கழன்று வரும் செட்டாகப் பார்த்து வாங்குங்கள். உடம்பை சீட்டுக்கு அடியிலோ பின்னாலோ காற்றோட்டமாக வைத்து, முகப்பை மட்டும் டேஷ்போர்டில் பொருத்தினால் வெட்டவே தேவையில்லை. இரட்டைப் பக்க டேப்பை நம்பாதீர்கள். நம் ஊர் வெயிலில் பசை இளகி, முகப்பு ஒருநாள் கியர் மேல் வந்து விழும். உலோகத் தகடும் ஸ்க்ரூவும்தான் நிற்கும். ஏர்பேக் மூடியின் மேலோ அது விரியும் பாதையிலோ எதையும் வைக்கக் கூடாது. விபத்தில் அந்தப் பொருள் நேராக முகத்துக்கு வரும்.

துளை போடும் முன் ஓட்டுநர் சீட்டில் உட்காருங்கள். எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து அவர் முழங்கால் எங்கே வருகிறது என்று பாருங்கள். மைக் வயர் கைக்குக் குறுக்கே வரக் கூடாது.

அடுத்தது கரண்ட். நான் பார்த்தவரை அதிகம் சொதப்புவது இங்கேதான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் போதும் என்று நினைக்கிறார்கள். கையடக்க செட்டை சார்ஜ் போட அது போதும். 50 வாட் செட்டுக்குப் போதாது. பேட்டரியிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். அதிலும் மெல்லிய வயர் போட்டால், பேசும்போது வோல்ட் விழும். 3 மீட்டர் தூரம் என்றால் போகவர 6 மீட்டர் செம்பு. 1.5 சதுர மி.மீ. வயரில் 10 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. வயரில் கால் வோல்ட்தான்.

பியூஸை செட்டுக்குப் பக்கத்தில் மட்டும் போடுவது பெரிய தவறு. பேட்டரியை ஒட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகரச் சுவரில் வயர் உரசி தோல் கிழிந்தால், பேட்டரி பக்கம் பியூஸ் இல்லாத வயர் அப்படியே பழுத்துத் தீப்பிடிக்கும். அந்தத் துளையில் ரப்பர் வளையம் போடாமல் வயரை நுழைக்கவே கூடாது. புது வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கரண்டை அளக்கும் சென்சார் இருக்கும். அப்படி இருந்தால் செட்டின் நெகட்டிவை முனையில் மாட்டாமல் பாடி எர்த் போல்ட்டில் மாட்டுங்கள்.

ஆன்டெனாவுக்கு வருவோம். ஹேம் எனப்படும் பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள் பேசும் 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை ஆன்டெனா, அதாவது அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ளது, அரை மீட்டர்தான். கேபின் கூரையின் நடுவே வைத்தால் சுற்றிலும் உள்ள தகரம் அதற்குத் தரையாக வேலை செய்யும், எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கும். சரக்குப் பெட்டியின் மூலையில் வைத்தால் ஒரு பக்கம் நன்றாகவும் மறு பக்கம் மங்கலாகவும் போகும். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய்ப் பக்கம் மலை மறைக்கும் இடத்தில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். காந்த அடி வைத்த ஆன்டெனா வசதிதான். ஆனால் கிராமத்துச் சாலையில் கருவேலங்கிளை ஒன்று போதும், இழுத்துப் போட்டுவிடும். கேபிளைக் கதவிடுக்கில் நசுக்கி உள்ளே கொண்டுவருவதும் வழக்கமாகிவிட்டது. நசுங்கிய கேபிள் முதல் மழையில் தண்ணீர் குடிக்கும். பொருத்தி முடித்ததும், ஆன்டெனாவுக்குப் போகும் பவர் எந்த அளவுக்குத் திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வைத்துப் பாருங்கள். 2-க்கு மேல் காட்டினால் செட்டில் பேசுவதை நிறுத்திவிட்டுக் கோளாறைத் தேடுங்கள்.

இரண்டு செட் வைப்பவர்கள் இரண்டு ஆன்டெனாவையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டுவிடுகிறார்கள். ஒன்றில் பேசினால் மற்றது செவிடாகிவிடும். முடிந்த அளவு தள்ளி வையுங்கள். பொதுமக்கள் பேசும் 27 மெகாஹெர்ட்ஸ் செட்டுக்கு முழு அளவு கால் அலை என்றால் 2¾ மீட்டர், வண்டிக்கு ஒத்துவராது. அதனால் சுருள் வைத்துக் குறுக்கிய ஆன்டெனாதான் போட வேண்டும்.

உரிமம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை 5 வாட்டுக்குள் உரிமம் தேவையில்லை. 144 முதல் 146 வரை ஹேம் உரிமமும் அழைப்புக் குறியும் கட்டாயம்.

அப்புறம், ஒரு மாதம் ஓட்டிய பிறகு எல்லா ஸ்க்ரூவையும் கிளாம்பையும் ஒரு சுற்று முறுக்கிப் பாருங்கள். நம் சாலைகளின் குலுக்கலில் பாதி தளர்ந்திருக்கும்.