இறுதியாண்டு ஆய்வறிக்கையைத் தள்ளிப்போடாமல் எழுதி முடிப்பது எப்படி

ஆய்வறிக்கை எழுத உட்காரும் மாணவர் பலர், மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டு விடுதி அறையைப் பெருக்குகிறார்கள், குறிப்பேடுகளை அடுக்குகிறார்கள், தேவைப்படாத இன்னொரு கட்டுரையைத் தரவிறக்குகிறார்கள். சோம்பேறி இவ்வளவு வேலை செய்யமாட்டார். எழுதினால் தமக்குத் தெரியாதவை வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சமே அவர்களை எழுத்திலிருந்து விலக்குகிறது என்பதால், ஆர்வம் பிறக்கட்டும் என்று காத்திருப்பது வீண்.

தள்ளிப்போடுவது தொடக்கத்தில் உண்மையாகவே சுகமாக இருக்கும். டயான் டைஸ், ராய் பாமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், தள்ளிப்போடும் மாணவர்களுக்குப் பருவத் தொடக்கத்தில் மற்றவர்களைவிட மன அழுத்தமும் நோயும் குறைவாகவே இருந்தன. பருவ இறுதியிலோ இரண்டும் மிகுந்து, மொத்தத்தில் அவர்களே அதிகம் துன்புற்றதுடன் மதிப்பெண்ணும் குறைவாகப் பெற்றார்கள். எனவே முதல் மாதத்தில் நீங்கள் உணரும் நிம்மதியை, வேலை சரியாகப் போகிறது என்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முன்னுரையிலிருந்து தொடங்க வேண்டாம். ஆய்வு முறை பற்றிய இயலை முதலில் எழுதுங்கள். நீங்களே செய்ததை எழுதுவதற்குப் புதிதாக எதையும் படிக்க வேண்டியதில்லை. "நாளை எழுதுவேன்" என்ற முடிவு போதாது; "நாளை காலை எட்டு மணிக்கு, காலை உணவு முடிந்ததும், துறை நூலகத்தில் அமர்ந்து, வினாநிரலை யாரிடம் கொடுத்தேன், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதை ஒரு பத்தியாக எழுதுவேன்" என்று நேரம், இடம், செயல் மூன்றையும் முன்கூட்டியே தாளில் குறித்துவையுங்கள். இவ்வாறு திட்டமிடுவோர் எண்ணியதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நேரத்தில் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

துறை வைக்கும் இரண்டு மூன்று ரெவ்யூக்களுக்கு இடையே வாரங்கள் ஓடிவிடும். அந்த இடைவெளிகளில் நீங்களே தேதி குறித்து, அதுவரை எழுதியதை வழிகாட்டிக்கு அனுப்புவதாக அவரிடமே சொல்லிவிடுங்கள். அவரை அணுகத் தயக்கமாக இருந்தால், நன்கு படிக்கும் வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுங்கள். திருத்தமில்லாத வரைவைக் காட்டக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் குறைகளைத் திருத்த நேரம் இருக்கும்போதே காட்டுவதுதான் உங்களுக்கு நல்லது.

கெடுவைத் தவறவிட்டால் உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். நம் வீடுகளில் பிள்ளைகளைத் திட்டித் திருத்த நினைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏற்கெனவே ஒரு மாதம் வீணாகியிருந்தால், மறைக்காமல் வழிகாட்டியிடம் சென்று, எஞ்சிய நாட்களில் எந்தப் பகுதியைச் சுருக்கலாம், எதைக் கட்டாயம் முடிக்க வேண்டும் என்று இந்த வாரமே கேளுங்கள்.