ஊர் ஏரியில் வலசைப் பறவைகளைக் கவனிப்பது எப்படி? ஆவணி முதல் ஐப்பசி வரை

வலசைப் பறவைகளைக் காண வேடந்தாங்கலுக்கோ கோடியக்கரைக்கோ போயாக வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். வேடந்தாங்கலில் கூடு கட்டும் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் நம் நாட்டிலேயே வாழ்பவை. வட ஆசியாவிலிருந்து வரும் உள்ளான் என்ற சிறு கரைப்பறவையோ ஆகஸ்டிலேயே உங்கள் ஊர் ஏரியின் சேற்றோரத்தில் இறங்கிவிடுகிறது. செங்கல்பட்டுப் பக்கத்து ஏரி ஒன்றைப் பல பருவங்களாகக் கவனித்துவரும் அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

1. நடந்து போகும் தொலைவில் ஒரு நீர்நிலையைத் தேர்ந்துகொண்டு, மதகிலிருந்து கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்) வரை என்பதுபோல ஒரே பாதையை வகுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் நிலம் கிழக்கே சரிவதால் ஏரிக்கரை பெரும்பாலும் கிழக்கில்தான் இருக்கும். காலையில் கரைமேல் நின்றால் வெயில் முதுகுப்புறம் விழுந்து, பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும்.

2. பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முகப்புக் கண்ணாடி 42 மி.மீ.) போதும். 10x50 வாங்கச் சொல்வோர் உண்டு. ஆனால் கனமும் கை நடுக்கமும் தொடக்கநிலையில் பெருந்தடை என்பதே என் உறுதியான கருத்து. கேமராவை முதல் பருவத்தில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். படம் எடுக்கும் முனைப்பில் பறவையின் நடத்தையைப் பார்க்கத் தவறிவிடுவோம்.

3. ஜூலைக் கடைசியிலேயே தொடங்கி, வாரம் ஒருமுறையேனும் போய், கண்டவை அனைத்தையும் நேரத்தோடும் எண்ணிக்கையோடும் ஈபேர்டில் (eBird, பறவைப் பதிவுகளுக்கான இணையதளம்) முழுப் பட்டியலாகப் பதியுங்கள். வலசை வரும் பழுப்புக் கீச்சான் செப்டம்பர் நடுவில் வந்தது என்று சொல்வதற்கு, அதற்கு முந்தைய வாரம் அதே பாதையில் தேடியும் அது இல்லை என்ற பதிவு உங்களிடம் இருக்க வேண்டும். அரிய பறவையைத் தேடி ஊர் ஊராகப் போகிறவரிடம் இந்த ‘இல்லை’ இருக்காது. ஒரே ஏரியைச் சுற்றுகிறவரிடம்தான் இருக்கும்.

4. உள்ளான்களைப் பிரித்தறிவதில்தான் பெரும்பாலோர் திணறுகிறார்கள். எல்லாமே பழுப்பாகத் தெரியும், எல்லாமே பின்புறத்தை ஆட்டும். ஆகவே முதுகை மட்டும் பார்க்காமல் தோளோரம், புருவம், பிட்டம் என மூன்று இடங்களைப் பாருங்கள். தோளுக்கு முன்னால் வெள்ளை ஆப்புப்போல மேலேறி நின்றால் அது சாதாரண உள்ளான். எழுந்தால் சிறகை விறைப்பாகச் சிறிதே அடித்து நீரையொட்டிப் பறக்கும். முதுகில் வெளிர் பொறிகளும், கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடும் நீண்ட வெண்புருவமும், மஞ்சள் சாயல் கால்களும் இருந்தால் பொறி உள்ளான். புருவக்கோடு கண்ணுக்கு முன்னாலேயே நின்று, உடல் கருத்திருந்தால் கிரீன் சாண்ட்பைப்பர் என்ற உள்ளான் வகை. ஐயமிருந்தால் அது பறக்கும்வரை பொறுத்திருங்கள், இறக்கையின் அடிப்பகுதி கருமையாகவும் பிட்டம் தூய வெள்ளையாகவும் பளிச்சிடும். பறவையை விரட்டிப் பறக்கவிட்டுப் பார்ப்பது கூடவே கூடாது, நெடுந்தொலைவு வந்த உடலுக்கு இரையும் ஓய்வும் வேண்டும்.

5. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் சேறு மூழ்கி, உள்ளான்கள் திடீரெனக் காணாமற்போகும். அவை ஊர் திரும்பிவிடவில்லை. ஆழமில்லாத நீர் தேடி வயல்களுக்கும் குட்டைகளுக்கும் நகர்ந்திருக்கும். அதே நீர்ப்பெருக்கில்தான் நீலச்சிறகி வாத்தும் ஊசிவால் வாத்தும் சேரத் தொடங்கும். அப்போது நீலச்சிறகியின் ஆண்களும் பெட்டைபோல மங்கிய இறகோடு இருப்பதால், புத்தகப் படத்திலுள்ள வெண்புருவத்தைத் தேடி ஏமாறாதீர்கள்.

பிற்சேர்க்கை: ஏரியே இல்லாத தெருவில் என்ன செய்வது என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். வேம்போ முருங்கையோ இருந்தால் மொட்டைமாடியே போதும். செப்டம்பருக்குப் பின் புதருக்குள்ளிருந்து ‘டக், டக்’ என்று தனித்தனியாக ஒலி வந்தால் அது பெரும்பாலும் பிளித் நாணல் கதிர்குருவி. ஒலியைக் கேட்டுப் பறவையை இனங்காணும் மெர்லின் செயலி உதவும், ஆனால் அதைத் திறப்பதற்கு முன் ஒலியை நீங்களே எழுதிவையுங்கள்.

மற்றொரு கேள்வி, வீட்டுக்குள் வந்து விழும் ஆறுமணிக்குருவியைப் பற்றியது. இரவில் வலசை போகும் இப்பறவை விளக்கொளியில் தடுமாறிக் கண்ணாடியில் மோதுவது அக்டோபரில் வழக்கம். காற்றுத்துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக, அமைதியாக வையுங்கள். வாயில் நீரோ உணவோ புகட்டாதீர்கள். தெளிந்ததும் மரஞ்செடி அடர்ந்த இடத்தில் விட்டுவிடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.